பாளை அரிவாளுக்கு எழுதிய சீட்டு

“அவிய எந்த மாசம் செத்துப் போனாவ? அது மட்டும் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் கேக்கதுக்கு வரல.”

மழை விட்டு, முற்றத்துத் தண்ணீர் வடிந்து தீராத ஒரு மதியம். ஐப்பசியாக இருக்கலாம். தும்பிகள் தாழப் பறந்துகொண்டிருந்தன. வாசலில் நின்ற பெண்ணுக்கு முழங்கால்வரை சேறு. ஒரு கையில் ஓலைக்குடை. மற்றக் கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கி மூடியிருந்தாள். மடிக்காசை அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் பிடித்திருந்தது தாலியை.

வீட்டில் நானும் அத்தையும் மட்டும். அத்தை உள்ளே கண்ணயர்ந்திருந்தாள். யாரம்மா நீ, யார் செத்தது என்று கேட்டேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவளைக் கூசாமல் ‘நீ’ என்று கூப்பிட்ட காலம் அது.

“பேரு பொன்னம்மை. தவசிமுத்துக்க பெண்டாட்டி. புதுக்கடைப் பக்கம். ஓவர்சியர் ஐயாவுக்குப் பாளை அரிவா தந்தது நான்தான்.”

தவசிமுத்து என்ற பெயரைக் கேட்டதும் என் கண்முன் வந்து நின்றது ஒரு மனிதனின் முகமல்ல. அவனை நான் பார்த்ததே இல்லை. வந்து நின்றது என் கையெழுத்து. வெள்ளை அட்டையில், நீல மையில், நான் ரசித்து ரசித்து எழுதிய நான்கு வரிகள். அதில் ஒரு சொல்.

அந்தச் சொல் அங்கே எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மீதியைச் சொல்ல முடியும்.

பத்தாயம் இல்லாத பத்தாயப்புரை

பூதப்பாண்டிக்கு அருகே ஒரு நெல் கிராமத்துக்கு நான் மருமகளாக வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று போகம் அறுத்திருப்பார்கள். மாப்பிள்ளை என் சொந்த அத்தை மகன். அரசு மராமத்து வேலையில் ஓவர்சியர். கலுங்கு, பாலம், ரோடு என்று மாதத்தில் பாதி நாள் வெளியூர் முகாம். பேச்சுக் குறைவு. கல்யாணமாகி மூன்று மாதம்வரை அத்தான் என்னிடம் பேசியதை ஒரு தாளில் எழுதிவிடலாம்.

வீட்டின் வடக்கே நெல் கொட்டிவைக்கும் பத்தாயப்புரை. பத்தாயத்தை எங்கோ இழுத்துப் போட்டுவிட்டு, அந்த அறை முழுவதும் அத்தான் பழைய கைக்கருவிகளை மாட்டி வைத்திருந்தார். தச்சர்களின் வாச்சி, உளிகள், இழைப்புளிகள். கயிறு சுற்றி இழுத்துத் துளை போடும் தமர். தட்டானின் ஊதுகுழல். உப்பளத்தில் உப்பு வாரும் பலகை. கடற்கரையில் வலை முடையும் மூங்கில் ஊசி. ஒரு நாவிதரின் கத்தி. பிடியில் யானைத் தந்தம். முகாம் போகிற இடத்திலெல்லாம் கேட்டு வாங்கி வருவார். புதிது வாங்கிக்கொடுத்துப் பழையதை எடுத்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் புன்னைக்காய் எண்ணெய் தடவித் துடைத்து, தேக்குப் பலகையில் ஆணி அடித்து, இடைவெளி விட்டுத் தொங்கவிடுவார்.

ஊரில் அதற்குத் ‘துருப்புரை’ என்று பெயர். அத்தைக்கு அந்த அறைமேல் தீராத கோபம். நெல் வைக்க இடமில்லாமல் கூடத்தில் சாக்கு அடுக்கியிருந்தது. யாராவது வந்து, உள்ளே பார்க்கலாமா என்று கேட்டால், “போய்ப் பாருங்க, எனக்க மகன் இரும்பு விதைச்சிருக்கான்” என்பாள்.

எனக்கு அந்த அறை வேறு மாதிரி இருந்தது. கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள். மதியம் தாண்டியதும் அவற்றின் வழியே இறங்கும் வெளிச்சம் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்கு மெல்ல நகரும். அது போகிற வழியில் ஒவ்வொரு இரும்பாக விழித்துக்கொள்ளும். வெளிச்சம் கடந்ததும் மறுபடி தூங்கிவிடும். எண்ணெயும் பழைய மரமும் கலந்த வாசனை. வெளியே வயலில் ஆட்கள் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். நான் தரையில் உட்கார்ந்து பிடிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பெருவிரல் பதிந்து குழிந்த பிடிகள். ஒரு உளியின் பிடியில் நான்கு விரலுக்கும் தனித்தனிப் பள்ளம். அதில் என் விரல்களை வைத்தால், யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டதுபோல இருக்கும்.

புருஷன் ஊரில் இல்லாத ஒரு பெண் மதியங்களில் இப்படி இருந்தாள் என்று இப்போது எழுதுகையில் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

சீட்டு எழுதும் வேலை

ஒரு தடவை முகாமிலிருந்து வந்த அத்தான், நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். மறுநாள் காலையில் ஒரு கட்டு வெள்ளை அட்டையும் மைக்கூடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “உனக்கு எழுத்து நல்லா இருக்குமாமே. மாமா சொன்னாரு” என்று என் அப்பாவைச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் சீட்டு எழுதுவது என் வேலை. அவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஊரில் கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எதற்கு உதவுவது என்று சொல்வார். நான் குறித்துக்கொள்வேன். நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசத் தொடங்கியது அப்படித்தான். வாச்சியைப் பற்றிப் பேசினோம், இழைப்புளியைப் பற்றிப் பேசினோம், பேச்சு நடுவில் ஒருநாள் அவருக்குச் சின்ன வயதில் நீந்தத் தெரியாமல் பழையாற்றில் மூழ்கப் போனதைச் சொன்னார். யாரிடமும் சொன்னதில்லையாம்.

அவர் சொன்னது எப்போதும் ஒன்றரை வரிதான் இருக்கும். அட்டையில் இடம் மிச்சம் கிடக்கும். அந்த இடம் என்னை உறுத்தியது.

வட்டக்கோட்டைப் பக்கம் கடற்கரை மணலில் ஒரு கல்லுளி கிடைத்தது. அதற்கு நான், ‘வட்டக்கோட்டை மதிலைக் கட்டிய கல்தச்சர் ஒருவரின் உளி. கடைசிக் கல்லைச் செதுக்கிவிட்டு அவர் இதைக் கடலோரத்தில் விட்டுச் சென்றார்’ என்று எழுதினேன். அத்தான் படித்தார். இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்திருக்கும் என்றேன். அவர் கொஞ்சநேரம் உளியையே பார்த்தார். நல்லா இருக்கு என்றார்.

அந்த நல்லா இருக்கு எனக்குப் பத்து நாள் சோறாக இருந்தது. பார்க்க வந்தவர்களும் அந்தச் சீட்டின் முன்தான் அதிகநேரம் நின்றார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு வாத்தியார் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

பிறகு எனக்குக் கை துணிந்துவிட்டது.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கம் எந்த ராஜ்யத்தோடு சேர்வது என்று ஊர்ஊராகக் கூட்டமும் ஊர்வலமும் நடந்த சமயத்தில், ஒரு போலீஸ் அதிகாரி வந்து இந்த வீட்டில் வெட்டுக்கத்தி நிறைய இருக்கிறதாமே என்று அறையைப் பார்வையிட்டார். ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். போகும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் அப்பாவும் தச்சர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். இது பின்னால் நடந்தது. அதற்குள் என் சீட்டுகள் மாறிவிட்டிருந்தன.

அவரு இல்ல

புதுக்கடைப் பக்கம் ஒரு ஓடைப் பாலம் கட்டும் வேலைக்காக அத்தான் போயிருந்தார். வேலையிடத்துக்கு அக்கானி என்கிற பதநீர் கொண்டுவந்து விற்கும் ஒரு பெண்ணிடம், பனையேறிகளின் பழைய சாமான் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மறுநாள் அவள் ஒரு பாளை அரிவாளை வாழைச்சருகில் பொதிந்து கொண்டுவந்தாள். பனம்பாளையின் நுனியைச் சீவிவிடும் அரிவாள் அது; மேலே ஒரு முடி விழுந்தால்கூட இரண்டாகும். இப்போதும் உபயோகிக்கிற பொருள்போல இருக்கிறதே, வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டாரா என்று இவர் கேட்டார். அதற்கு அவள், “அவரு இல்ல. நீங்க கொண்டு போயி நல்லா வையுங்க” என்றாள். புருஷன் பெயர் தவசிமுத்து என்று மட்டும் சொன்னாள். பதிலுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் சொன்னதை அப்படியே அத்தான் என்னிடம் சொன்னார்.

அவரு இல்ல. இந்த இரண்டு வார்த்தைக்கு நம் மொழியில் இரண்டு அர்த்தம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் கேட்டிருக்கலாம். அவரும் கேட்டிருக்கலாம். எனக்கு அந்த அரிவாளைக் கையில் எடுத்ததுமே ஒரு மனிதன் உயரத்திலிருந்து விழுவது தெரிந்துவிட்டது. விடியற்காலம், பனி, பனைமரம், கீழே ஓடிவரும் பெண். அன்று மதியம் முழுவதும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து அவனுக்காக அழுதேன். அழுவது சுகமாக இருந்தது. அழுது முடித்துச் சீட்டை எழுதினேன்:

‘பாளை அரிவாள். புதுக்கடைப் பக்கத்துப் பனையேறி, காலஞ்சென்ற தவசிமுத்துவுடையது. அவர் மரத்திலிருந்து திரும்பாத நாளில் இதுவும் ஓய்ந்தது. மனைவி கொடுத்தது.’

அந்த ஆண்டு சரஸ்வதி பூஜைக்கு வழக்கம்போல அறையை எல்லோருக்கும் திறந்துவிட்டோம். கருவிகளுக்குச் சந்தனம் வைத்து, கதம்பம் சாத்தி, பொரி அவல் கொடுப்போம். நாகர்கோவிலில் தங்கிப் படிக்கிற சில பெண்பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பொன்னம்மையின் அண்ணன் மகள். தன் மாமன் பெயரை அட்டையில் பார்த்தாள். விடுமுறைக்கு ஊருக்குப் போனதும், ஓவர்சியர் வீட்டில் மாமா செத்துப்போனதாக எழுதிப்போட்டிருக்கிறது என்று சொன்னாள்.

அச்சில் வந்ததுபோல அழகாக எழுதியிருக்கிறது என்றும் சொன்னாளாம்.

முற்றத்தில் நின்றவள்

இனி அந்த ஐப்பசி மதியத்துக்குத் திரும்புகிறேன்.

பொன்னம்மை சொன்னதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இதுதான். தவசிமுத்து இரண்டு வருஷம் முன்னால் ஒருநாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆளைக் காணோம். உடுத்த முண்டோடு போயிருந்தான். அரிவாளும் மற்றக் கருவிகளும் உத்தரத்தில் தொங்கின. அவன் தம்பி அந்த அரிவாளை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டான். அவனும் பனையேறிதான்; கேட்டதில் குற்றமில்லை. பொன்னம்மைக்கு மனம் வரவில்லை. புருஷன் வரும்வரை இன்னொரு கை அதில் படக்கூடாது என்று நினைத்தாள். ஓவர்சியர் கேட்டபோது, இவரிடம் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று கொடுத்துவிட்டாள்.

இப்போது ஊரில் எல்லோரும் படித்தவர்கள் வீட்டில் எழுதியிருந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்கிறார்கள். கிழவி, அதாவது அவன் அம்மா, பாயைவிட்டு எழவில்லை. இறந்தவனுக்குச் செய்யவேண்டிய அடியந்திரத்துக்கு நாள் குறிக்க வேண்டும். அன்றைக்கு இவள் தாலியைக் கழற்ற வேண்டும். நாள் குறிப்பதற்கு அவன் எப்போது இறந்தான் என்பது தெரியவேண்டும். அதைக் கேட்டு வரத்தான் அவளை அனுப்பியிருக்கிறார்கள். பஸ்ஸில் நாகர்கோவில்வரை வந்து, அங்கிருந்து நடந்து வந்திருக்கிறாள்.

“எங்க வச்சு செத்தாவன்னு தெரிஞ்சா அதையும் சொல்லுங்க. தண்ணி குடுக்க ஆராவது பக்கத்துல இருந்தாவளா?” என்று கேட்டாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது, யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை, நானாக நினைத்து எழுதினேன் என்று சொன்னேன். அவளுக்கு அது புரியவே இல்லை. திரும்பவும் சொன்னேன். மூன்றாம் தடவை சொன்னபோது அவள் கை மெதுவாகத் திறந்தது. உள்ளங்கையில் தாலி அழுந்திய தடம் சிவப்பாக இருந்தது.

“தெரியாம ஒரு ஆளு செத்துட்டான்னு எழுதுவாவளா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அப்படியும் ஒரு வழக்கம் பெரிய வீடுகளில் இருக்குமோ என்று தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

அறையைத் திறந்து காட்டினேன். வெளிச்சம் அப்போது கிழக்குச் சுவருக்கு வந்திருந்தது. அரிவாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் கூர்மையைப் பார்க்கவில்லை. பிடியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நாங்கள் தடவிய எண்ணெய்தான் மணத்திருக்கும். திருப்பித் தந்துவிட்டாள். அந்தச் சீட்டை அவள் முன்னால் கிழித்தேன். கிழித்த துண்டுகளை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

புதுக்கடைக்குப் போனது

இரண்டு நாள் கழித்து அத்தான் முகாமிலிருந்து வந்தார். சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. நானும் படித்துவிட்டுத்தானே மாட்டினேன், அதனால் தப்பு என்மேல்தான், ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். கடிதத்தை அங்கே யாரோ படித்துச் சொல்லவேண்டும். படித்தவர் என்ன படித்தார் என்று மறுபடி ஒரு பேச்சு வரும். நான் நேரில் போகவேண்டும் என்றேன். புருஷனிடம் நான் மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாக இருக்கும்.

அத்தைக்கு அது தாங்கவில்லை. “ஓவர்சியருக்க பெண்டாட்டி போயி பனையேறிக்க முற்றத்துல நிக்கணுமா? ஆளனுப்பிச் சொன்னா போராதா?”

அத்தான் தன் அம்மாவிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றும் பேசவில்லை. வண்டி பிடித்து வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவ்வளவுதான்.

பொன்னம்மையின் வீடு பனை ஓலை வேய்ந்தது. நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். பனங்கருப்பட்டி காய்ச்சும் அடுப்பு அணைந்து கிடந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, தவசிமுத்து இறந்த செய்தி எங்களுக்கு வரவில்லை, சீட்டில் எழுதியது என் கற்பனை, என்னை மன்னியுங்கள் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பனைகளில் ஓலை உரசும் சத்தம் மட்டும் மேலே கேட்டுக்கொண்டிருந்தது.

பாயில் கிடந்த கிழவி எழுந்து உட்கார்ந்தாள். கண் இரண்டும் பூவிழுந்து வெளுத்திருந்தன. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“அப்பம் அவன் எங்க?”

அத்தான் என் பின்னால் நின்றிருந்தார். அவர் முன்னே வந்து, “தேடிப் பாக்கேன் தாயே” என்றார்.

தீட்டுப் பலகை

சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. எந்த ஊரில் முகாம் போட்டாலும் விசாரித்தார். வேலையாட்களிடம், கங்காணிகளிடம், லாரிக்காரர்களிடம். அதோடு எனக்கும் ஒரு வேலை வந்தது. அறையிலிருந்த எல்லாச் சீட்டுகளையும் கழற்றினேன். முகாமுக்குப் போகும்போது அத்தான் என்னையும் கூட்டிப்போனார். கொடுத்தவர்களைத் தேடிப் போய், உட்கார்ந்து, கேட்டு, கேட்டதை மட்டும் எழுதினேன். வட்டக்கோட்டை உளிக்கு, ‘மணலில் கிடைத்தது. யாருடையது என்று தெரியாது’ என்று எழுதினேன். அட்டையில் நிறைய இடம் மிச்சம் இருந்தது. விட்டுவிட்டேன்.

இப்படிப் புதுக்கடைப் பக்கம் போனபோதுதான் பொன்னம்மை சொல்லாத ஒன்றும் தெரியவந்தது. தவசிமுத்து காணாமல் போவதற்குச் சில நாள் முன்னால், பக்கத்துப் பனையில் ஏறியிருந்த அவன் கூட்டாளி அவன் கண்ணெதிரே விழுந்து இறந்திருக்கிறான். அதற்குப் பிறகு இவன் ஒருநாள் பாதி மரத்தில் நின்றுவிட்டான். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். தம்பியும் இன்னொருவரும் ஏறிப்போய், குழந்தையை இறக்குவதுபோல இறக்கினார்கள். கீழே நின்றவர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள்.

அடுத்த மழைக்காலமும் கழிந்தது. கீரிப்பாறைக்கு மேலே மலையில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பாதைக்கு அளவெடுக்கப் போன அத்தான், அன்று மாலையே திரும்பி வந்தார். வந்தவர் கால் கழுவவில்லை. நேராக அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

ரப்பர் மரம் சீவுகிறவர்கள் கத்தியைக் கல்லில் தீட்டுவார்கள். அங்கே ஒருவன் மட்டும், ஒரு மரப்பலகையில் வெள்ளைக் கல்பொடியைத் தூவி, அதில் தீட்டிக்கொண்டிருந்தான். பனையேறிகள் பாளை அரிவாளைத் தீட்டுகிற விதம் அது. பக்கத்தில் உட்கார்ந்து, புதுக்கடைப் பக்கமா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். பெயர் கேட்டதற்கு வேறு ஏதோ பெயர் சொன்னார்கள்.

“அது தவசிமுத்துதான், சிவகாமி” என்றார் அத்தான் என்னிடம். “தீட்டுனத நான் பாத்தேன். அவன்தான்.”

பொன்னம்மைக்கு ஆள் போனது. அவனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லச் சொன்னோம். மலைக்குப் போவதற்கு முந்தின நாளே வந்துவிட்டாள். அன்று அத்தை அவளுக்குத் தன் கையால் சோறு போட்டாள்; நான் போடுகிறேன் என்றதற்கு விடவில்லை.

ரப்பர்க் காட்டில்

விடியும்போது தோட்டத்து லாரியில் ஏறினோம். மலை ஏற ஏறப் பனி உள்ளே வந்தது. நான் அரிவாளைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பொருளை அவர்களிடமே கொடுத்துவிடுவது என்று நானும் அத்தானும் முடிவு செய்திருந்தோம். பொன்னம்மையிடம் சொன்னேன். அவள் துணிமேல் கையை வைத்து என் பக்கம் தள்ளினாள். “உங்க வீட்டிலயே இருக்கட்டும்மா. இத கண்டா அவியளுக்கு மறுபடி ஏறணும்னு தோணும். இல்லேன்னா ஏற முடியலியேன்னு தோணும். ரெண்டும் வேண்டாம்.”

ரப்பர்த் தோட்டத்துக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது. வரிசை வரிசையாக ஒரே மாதிரி மரங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே வரிசை ஓடிப்போய்ப் பனியில் கரைந்தது. ஒவ்வொரு மரத்திலும் கட்டிய சிரட்டையில் வெள்ளைப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. காலடியில் சருகு நனைந்து பஞ்சாகிவிட்டிருந்தது. நான் தூக்கத்தில் நடக்கிறேனோ என்று அத்தானின் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

தூரத்தில் ஒருவன் குனிந்து மரத்தைச் சீவிக்கொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. பொன்னம்மை நின்றாள். பிறகு எங்களை விட்டுவிட்டுத் தனியே நடந்தாள். ஓடவில்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். கையிலிருந்த கத்தி மரத்திலேயே நின்றது. அவள் பத்தடி தள்ளி நின்றாள்.

“ஒரு வாக்கு சொல்லிவிடப்படாதா?” என்று அவள் கேட்டது எங்களுக்குக் கேட்டது.

அவன் வாய் அசைந்தது. “என்னன்னு சொல்லி விட?” என்றான்.

“ஏறாண்டாம். வீட்டுக்கு வந்தா போரும்” என்றாள்.

அவனுக்கு இன்னும் பாதி வரிசை மிச்சம் இருந்தது. நடுவில் விட்டுப் போனால் அன்றைய பால் வீணாகும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனான். அவள் கீழே இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அவன் சீவினான், அவள் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து வாளியில் போட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு அது தெரிந்தது. ஒரு பேச்சும் இல்லாமல் மரத்துக்கு மரம் போய்க்கொண்டே இருந்தார்கள். நாங்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்திருந்தோம். பனி விலகி, பின் அவர்களையும் மரங்களையும் சேர்த்து மூடியது. மறுபடி விலகியபோது வரிசையின் கடைசிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

கிழவியின் கை

சாயங்காலம் புதுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். செய்தி முன்னாலேயே போயிருந்தது. முற்றம் நிறைய ஆட்கள். அவன் தலையைத் தூக்காமல் நடந்து வந்தான். தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் யார் யார் என்று அவன் மனதில் ஒரு வரிசை இருந்திருக்கும். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கிழவி பாயில் உட்கார்ந்திருந்தாள். அவன் முன்னால் மண்டியிட்டான். அவள் இரண்டு கையாலும் அவன் தலையைத் தடவினாள். முகம், கழுத்து, தோள் என்று இறங்கி, நெஞ்சில் கையை நிறுத்தினாள். பனையேறிகளுக்கு மரம் உரசி உரசி நெஞ்சில் காய்ப்புப் பிடித்திருக்கும். அவள் விரல்கள் அந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தடவின. காய்ப்பு உதிர்ந்து தோல் மிருதுவாகியிருந்தது.

அவள் அவன் காதருகே குனிந்தாள். காதில் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். காது கொஞ்சம் மந்தமானவர்கள் உரக்கப் பேசும் குரல். முற்றத்தில் எல்லோருக்கும் கேட்டது.

“உனக்க அப்பனுக்கும் பயமும் பேடியும் உண்டு மக்கா. தெனமும் காலத்தே கை கிடுகிடுன்னு வெறைக்கும். நான்தான் அரிவாள எடுத்து இடுப்புல கெட்டி விடுவேன். ஆருட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. அதனால நான் உனக்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்.”

தவசிமுத்து அவள் மடியில் முகத்தைப் புதைத்தான். முற்றத்தில் நின்ற பனையேறிகளில் வயதான இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தம்பி வந்து அண்ணனின் முதுகில் கைவைத்து உட்கார்ந்தான்.

பொன்னம்மை உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.